தண்ணி கேட்டு வரும் கல்லூரிப் பெண்

எம்.எஸ்சி. சுற்றுச்சூழல் படிக்கிற பெண் பாட்டிலோட வந்து உங்க போர் தண்ணி கேட்டா விரட்டிடாதீங்க. ஆவடி பருத்திப்பட்டு ஏரியில் பல வருஷம் கழிவுநீர் கலந்தது. 2019-ல் சீரமைத்துப் பூங்கா திறந்தார்கள். ஏரிக்கரை அழகாயிடுச்சு, பக்கத்து போர் தண்ணி எப்படி? இதுமாதிரி கேள்விக்கு விடை தேடுறதுதான் அவங்க கடைசி செமஸ்டர் ஆய்வு.

எத்தனை இடம், எந்த மாசம் என்பதை ‘கைடு’ பேராசிரியர் ஒப்புக்கொண்ட பிறகுதான் கிளம்புவாங்க. மழைக்கு முன்னே ஒருமுறை, ஐப்பசி கார்த்திகை மழை முடிந்து ஒருமுறை எடுத்தால்தான் வித்தியாசம் தெரியும். மோட்டாரைச் சில நிமிஷம் ஓடவிட்டுத்தான் பிடிப்பாங்க. குழாயில் தேங்கினது கணக்கில்லை. (கரண்டு போகுதேன்னு முகம் சுளிக்காதீங்க!) கிருமி பார்க்கிற பாட்டில் ஐஸ் பெட்டியில் அன்றைக்கே லேபுக்குப் போகணும்.

நைட்ரேட் எவ்வளவு என்று கட்டாயம் கேளுங்க. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம்தான் எல்லை. கழிவுநீரோ உரமோ இறங்கினா கூடும். காய்ச்சினா கிருமி சாகும், நைட்ரேட் போகாது. அந்தத் தண்ணியில் பால்பவுடர் கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தைக்கு உடம்பு நீலம் பாரிக்கும், உயிருக்கே ஆபத்து.

ஆய்வேடு கல்லூரி அலமாரிக்குப் போயிடும். அதனால சாம்பிள் நம்பரை முதல் நாளே குழு நோட்டில் எழுதி வச்சு, ரிசல்ட்டை நம்ம மாதக் கூட்டத்தில் வந்து சொல்லச் சொல்லுங்க.