அப்பன் சொத்து மக்களுக்கு இல்லை!

நாஞ்சில் நாட்டில் இருந்த பழைய வழக்கம். நம் வீடுகளுக்கு அது சொல்லும் பாடம்

ஒரு வீட்டை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.

நாஞ்சில் நாட்டில் ஒரு சிற்றூர். சுற்றிலும் வயல். வீட்டுக்குள் பத்தாயம் நிறைய நெல். தொழுவில் மாடு. வீட்டுக்காரர் மழை வெயில் பாராமல் பாடுபட்டவர். அவர் மனைவி நெல்லை அவித்தாள், காய வைத்தாள், குத்தினாள், வந்தவருக்கெல்லாம் சோறு போட்டாள். நான்கு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தாள்.

ஒரு நாள் வீட்டுக்காரர் இறந்துபோகிறார்.

பதினாறாம் நாள் காரியம் முடிகிறது. உறவினர்கள் கலைந்து போகிறார்கள். அப்போது இறந்தவருடைய அக்காள் மகன் வந்து நிற்கிறார்.

"மாமி, பத்தாயச் சாவி எங்கே இருக்கு?"

அவள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கொடுக்கிறாள். கொடுத்துத்தான் ஆக வேண்டும். இனி அந்த நெல் அவளுடையது அல்ல. அவள் பெற்ற பிள்ளைகளுடையதும் அல்ல. இறந்தவரின் மருமகனுடையது!

இந்த வீடு நாம் நினைத்துப் பார்த்த வீடு. ஆனால் இந்த வழக்கம் கற்பனை அல்ல. சுமார் 100 ஆண்டுகளுக்கு முன்புவரை நாஞ்சில் நாட்டில் பல குடும்பங்கள் இப்படித்தான் நடந்தன.

மருமக்கள் வழி என்றால் என்ன?

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டாரங்களைத்தான் பழைய பெயரில் நாஞ்சில் நாடு என்கிறோம். முன்பு இது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1-ந் தேதி சென்னை ராஜ்யத்தோடு, அதாவது இன்றைய தமிழ்நாட்டோடு இணைந்தது.

இங்கே நாஞ்சில் நாட்டு வேளாளர்களில் ஒரு பெரும் பிரிவினர் 'மருமக்கள் வழி' என்ற முறையைப் பின்பற்றினார்கள். மருமகன் என்றதும் மகளைக் கட்டியவர் என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே மருமக்கள் என்றால் உடன்பிறந்தாள் பெற்ற பிள்ளைகள். ஒருவருடைய சொத்து அவர் மக்களுக்குப் போகாது. அவருடைய அக்காள், தங்கை பிள்ளைகளுக்குப் போகும்.

குடும்பத்தில் மூத்த ஆண்மகனுக்குக் 'காரணவர்' என்று பெயர். நிலம், நீச்சு, நெல், பணம் எல்லாம் அவர் கையில் இருக்கும்.

அப்படியானால் பெற்ற மக்களுக்கு ஒன்றுமே இல்லையா? 'உகந்துடைமை' என்று ஒன்று உண்டு. தகப்பன் மனம் உகந்து கொடுக்கும் உடைமை என்பது பொருள். அதற்கும் எல்லை இருந்தது. நாலில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது.

பெயரைப் பாருங்கள்! பெற்ற பிள்ளைக்குக் கிடைப்பது உரிமை அல்ல. உகந்து போடும் பங்கு.

நன்மையும் இருந்தது

பழைய வழக்கம் என்றாலே கெட்டது என்று ஒரே அடியாகச் சொல்வது நியாயம் அல்ல. இதிலும் ஒரு நன்மை இருந்தது. பெண்ணுக்குப் பிறந்த வீட்டு உரிமை போகவில்லை. வம்சமே அவளை வைத்துத்தான் எண்ணப்பட்டது. கணவன் கைவிட்டாலும், இறந்துபோனாலும், "இது என் வீடு" என்று அவள் திரும்பி வர ஓர் இடம் இருந்தது.

உலகத்தில் வேறு இடங்களிலும் தாய்வழி உண்டு. மேகாலயாவில் காசி இனத்தாரிடையே குடும்பச் சொத்து கடைசி மகளுக்குப் போகிறது. கேரளத்தில் நாயர் குடும்பங்களிலும் மருமக்கள் வழி இருந்தது.

ஆனால் நாஞ்சில் நாட்டில் ஒரு சிக்கல். பல நாயர் குடும்பங்களில் பெண் கல்யாணத்துக்குப் பிறகும் தாய் வீட்டிலேயே இருந்தாள். அவள் பிள்ளைகளும் அங்கேயே வளர்ந்தார்கள். நாஞ்சில் நாட்டிலோ பெண் கணவன் வீட்டுக்குப் போனாள். வாழ்வது ஒரு வீட்டில். உரிமை இன்னொரு வீட்டில்! கணவன் வீட்டில் ஆயுள் முழுவதும் உழைப்பாள். அவர் கண்ணை மூடியதும், அந்த வீட்டில் அவளுக்கும் பிள்ளைகளுக்கும் என்ன இடம் என்ற கேள்வி வந்துவிடும்.

ஒரே கூரை, இரண்டு மனம்

இப்படிப்பட்ட வீட்டில் நிம்மதி எப்படி இருக்கும்?

காரணவருக்கு ஒரு பக்கம் மனைவி மக்கள். மறு பக்கம் சகோதரியும் மருமக்களும். தன் பிள்ளைக்கு ஒரு சட்டை கூடுதலாக எடுத்தால், "குடும்பச் சொத்தைத் தின்கிறான்" என்று மருமகன் முணுமுணுப்பான். மருமகனுக்குச் செலவு செய்தால், "பெற்ற பிள்ளை உமக்குப் பெரிதில்லையா?" என்று மனைவி கண் கலங்குவாள்.

தகப்பன் ரகசியமாகச் சேர்த்து வைப்பான். மருமகன் ரகசியமாகக் கணக்குப் பார்ப்பான். ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் செய்கிற காரியம் பெருகினால் அங்கே அன்பு குறையும். அன்பு குறைந்தால் அடுத்த படி எது? கோர்ட்டுதான்!

இதில் யார் கெட்டவர்? மருமகனா? அவன் தனக்கு உரியதைத்தான் கேட்கிறான். மனைவியா? தன் பிள்ளைகள் நாளை தெருவில் நிற்கக் கூடாதே என்று தவிக்கிறாள். காரணவரா? இரண்டு பக்கமும் இழுபட்டு நிற்கிறார். ஒருவரும் கெட்டவர் அல்ல. ஏற்பாடு கெட்டதாக இருந்தது. நல்லவர்களையும் அது பகைவர்களாக்கியது.

கவிமணி சொன்ன கதை

இந்த வேதனையைத் தமிழ் உலகம் முழுவதும் அறியும்படி எடுத்துச் சொன்னவர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை. 1876-ம் ஆண்டு ஜூலை 27-ந் தேதி, நாகர்கோவிலை அடுத்த தேரூரில் பிறந்தவர். பள்ளிக்கூட ஆசிரியராக வேலை பார்த்தவர். 1954 செப்டம்பர் 26-ந் தேதி காலமானார். குழந்தைப் பாட்டுகளாலும், புத்தர் பெருமான் கதையைச் சொல்லும் 'ஆசிய ஜோதி'யாலும் வீட்டுக்கு வீடு அறிமுகமானவர்.

அவர் எழுதிய இன்னொரு நூல் 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்'. 'தமிழன்' என்ற பத்திரிகையில் 1917-ம் ஆண்டை ஒட்டித் தொடர்ந்து வெளிவந்தது. பிறகு 1942-ல் புத்தகமாயிற்று.

கதையைச் சொல்லுகிறவள் ஒரு பெண். ஒருவருக்கு ஐந்தாவது மனைவியாக வாழ்க்கைப்பட்டவள். மாமியார் வீட்டில் பட்ட பாடு, மற்ற மனைவிமாரோடு பட்ட பாடு, சொத்துச் சண்டை, குடும்பம் நொடித்த விதம் எல்லாவற்றையும் அவளே வாய் திறந்து சொல்லுகிறாள். படிக்கும்போது முதலில் சிரிப்பு வரும். சிரித்து முடிக்குமுன் கண்ணீர் வரும்.

அதில் ஒரு பகுதிக்குப் பெயர் 'மாமி அரசியல் படலம்'. இன்னொரு பகுதிக்குப் பெயர் 'கோடேறிக் குடிமுடித்த படலம்'. கோடு என்றால் கோர்ட்டு. கோர்ட்டுப் படி ஏறிக் குடும்பத்தையே முடித்தார்களாம்! தலைப்பிலேயே முழுக் கதையும் அடங்கிவிட்டது அல்லவா?

அவர் யாரையும் தடி எடுத்து அடிக்கவில்லை. அடுப்படியில் இருந்த ஒரு பெண்ணைப் பேச விட்டார். சபையில் ஆண்கள் பேசும் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு உண்டு. பசித்த பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு தாய் கேட்கும் கேள்விக்கு எதிர்ப்பேச்சு ஏது?

சட்டம் மாறியது

காலம் மாறியது. 1926-ல் திருவிதாங்கூரில் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்தது. மலையாள ஆண்டுக் கணக்கில் அது 1101. குடும்பச் சொத்தைப் பாகம் செய்துகொள்ள வழி பிறந்தது. மனைவி மக்களுக்கும் உரிமை வந்தது.

1956-ல் இந்து வாரிசு உரிமைச் சட்டம் வந்தது. ஓர் இந்துத் தகப்பனார் உயில் எழுதாமல் இறந்தால், அவருக்கு உரிய சொத்தில் மனைவி, மகன், மகள், தாயார் ஆகியோருக்குச் சம பங்கு என்று அது சொன்னது. ஆனாலும் தகப்பன்வழிக் கூட்டுக் குடும்பத்தின் பரம்பரைச் சொத்தில் பிறப்பாலேயே வரும் பங்கு மகனுக்கு மட்டும் இருந்தது.

அதையும் மாற்றத் தமிழ்நாடு 1989-ல் சட்டம் செய்தது. அதற்குமுன் கல்யாணமான பெண்கள் மட்டும் விடுபட்டுப் போனார்கள். 2005-ல் அந்த வேறுபாடும் இல்லாமல் நாடு முழுவதற்கும் சட்டம் திருத்தப்பட்டது. அந்த ஆண்டு தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதில்லை. மகளுக்குப் பங்கு பிறப்பால் வருவது என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20-ந் தேதிக்கு முன்பே முறைப்படி முடிந்துபோன பாகப்பிரிவினைகளை மட்டும் கலைப்பதில்லை.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்கும் இதே போல ஒரு கதை உண்டு. திருவிதாங்கூரின் 1916-ம் ஆண்டுச் சட்டம், மகன் பங்கில் நாலில் ஒன்று அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான் மகளுக்கு என்று வைத்திருந்தது. கேரளத்தைச் சேர்ந்த மேரி ராய் என்ற அம்மையார் சுப்ரீம் கோர்ட்டுவரை போனார். அந்தச் சட்டம் செல்லாது என்று 1986-ல் தீர்ப்பு வந்தது.

ஒரு கையெழுத்து

சட்டம் மாறிவிட்டது. மனம் மாறிவிட்டதா?

இன்றும் எத்தனையோ வீடுகளில் இது நடக்கிறது. தகப்பனார் இறந்து சில மாதம் ஆகியிருக்கும். கல்யாணமாகி வெளியூரில் இருக்கும் அக்காள் தாய் வீட்டுக்கு வருவாள். தம்பி ஒரு பத்திரத்தை நீட்டுவான்.

"அக்கா, இதிலே ஒரு கையெழுத்துப் போடு. எல்லாம் சும்மா முறைக்குத்தான்."

அவள் தாயைப் பார்ப்பாள்.

"போட்டுக் கொடு மக்களே. நாளைக்குத் தம்பி உறவு வேண்டாமா?" என்பாள் தாய்.

கையெழுத்து விழுந்துவிடும். அதுதான் விடுதலைப் பத்திரம். பங்கிலிருந்து அவள் விடுதலை!

"கல்யாணத்துக்கு நகை போட்டோமே, சீர் செய்தோமே" என்று சொல்வார்கள். நியாயம்தான், கணக்கில் அதையும் சேர்த்துப் பேசலாம். ஆனால் பேச வேண்டும் அல்லவா? பேசாமல் பத்திரத்தை நீட்டுவது என்ன முறை?

அன்று, "நீ பெற்ற பிள்ளைதான், ஆனால் பங்கு இல்லை" என்று மகனிடம் சொன்னார்கள். அநியாயம் என்று நாடே பேசியது. இன்று அதே வார்த்தையை மகளிடம் சொன்னால் மட்டும் அது எப்படி நியாயமாகும்?

வீட்டுக்கு நாலு வார்த்தை

நாஞ்சில் நாட்டுப் பெரியவர்கள் பட்ட பாட்டிலிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டியவை சில உண்டு.

முதலாவது: கொடுப்பதை உயிரோடு இருக்கும்போதே எல்லாரையும் கூட்டிவைத்துச் சொல்லிவிடுங்கள். மகன், மகள், மருமகள் எல்லாரும் கேட்கட்டும். ரகசியமாகக் கொடுத்தது பாலாக இருந்தாலும் விஷமாகிவிடும்.

இரண்டாவது: உழைத்தவளை மறக்காதீர்கள். வீட்டு மனைவியின் உழைப்புக்குச் சம்பளச் சீட்டு இல்லை. அதனால் அது உழைப்பு இல்லை என்று ஆகிவிடாது.

மூன்றாவது: "எங்கள் வழக்கம் இதுதான்" என்று வாயை அடைக்காதீர்கள். வழக்கம் மனிதருக்காக ஏற்பட்டது. மருமக்கள் வழியும் ஒரு காலத்தில் அசைக்க முடியாத வழக்கம்தான்.

நாலாவது: கோர்ட்டுக்குப் போகுமுன் ஒரே பாயில் உட்கார்ந்து ஒருமுறை பேசுங்கள். முடியாவிட்டால் கோர்ட்டு இருக்கவே இருக்கிறது. உரிமையைக் கேட்பது தவறு அல்ல. ஆனால் வீண் வீம்புக்காகப் படி ஏறினால் வயலும் போகும், உறவும் போகும்.

அந்தப் பத்தாயச் சாவியை மறுபடி நினைத்துப் பாருங்கள். அன்று ஒரு தாய் அதை இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தபோது, பின்னால் நின்ற பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்று ஒரு மகள் கையெழுத்துப் போடும்போதும், அவள் பிள்ளைகள் பக்கத்தில் நின்று பார்க்கிறார்கள்.

நியாயம் என்றால் என்ன என்பதைக் குழந்தைகள் வீட்டில்தான் முதலில் படிக்கிறார்கள். உங்கள் வீட்டில் அவர்கள் எதைப் படிக்கிறார்கள்?