ஷேக்ஸ்பியரின் மனைவி வளர்ந்த பண்ணை வீடு: வேய்ந்த கூரையுடன் 5 நூற்றாண்டுகளைக் கடந்தது எப்படி?

இங்கிலாந்தின் ஸ்ட்ராட்ஃபோர்டு-அப்பான்-ஏவன் நகரை ஒட்டிய ஷாட்டரி கிராமத்தில், நாடக மேதை வில்லியம் ஷேக்ஸ்பியரின் மனைவி ஆன் ஹாத்வே வளர்ந்த வீடு இன்றும் வேய்ந்த கூரையுடன் நிற்கிறது. 'ஆன் ஹாத்வே குடில்' என அழைக்கப்பட்டாலும் இது உண்மையில் 12 அறைகள் கொண்ட பண்ணை வீடாகும். அக்காலத்தில் இதன் பெயர் நியூலேண்ட்ஸ் பண்ணை.

வீட்டின் மிகப் பழைய பகுதி 1463-ஆம் ஆண்டளவில் கட்டப்பட்டது. அதன் கூரையைத் தாங்குவது சுவர் அல்ல, மரம். இயல்பாகவே வளைந்து வளர்ந்த ஓக் மரங்களை இணை இணையாக எதிரெதிரே நிறுத்தி, உச்சியில் பொருத்துவது அக்காலக் கட்டுமான முறை. கூரையின் எடை இம்மரங்கள் வழியாகவே தரைக்கு இறங்கும். மரச்சட்டங்களின் இடைவெளிகளைக் குச்சிப் பின்னலால் அடைத்து, களிமண், சாணம், வைக்கோல் கலந்த சாந்து பூசுவதும் வழக்கமாக இருந்தது.

தொடக்கத்தில் கூரை வரை திறந்திருந்த கூடத்தின் நடுவே அடுப்பு எரிந்தது. புகை கூரை வழியே வெளியேறியது. பின்னர் புகைபோக்கிகள் வந்ததால், கூடத்தின் மேல் தளம் அமைத்து மாடி அறைகள் உருவாக்க முடிந்தது. குத்தகைக்குக் குடியிருந்த குடும்பத்துக்காக, ஆனின் சகோதரர் பார்த்தலோமியு 1610-இல் இதனை விலைக்கு வாங்கினார். 17-ஆம் நூற்றாண்டில் வீடு மேலும் விரிவடைந்தது.

வேய்ந்த கூரை செங்குத்தாகச் சரிந்திருப்பதால் மழைநீர் உள்ளே ஊறும் முன்பே வழிந்து விடுகிறது. நீண்ட இறவாரம் அந்நீரைச் சுவரில் படாமல் தள்ளி விழச் செய்கிறது. தாள்களுக்கிடையே அடைபட்ட காற்று, குளிர்காலத்தில் வீட்டின் வெப்பத்தைக் காக்கிறது.

எனினும், இத்தகைய கூரைகளுக்குத் தீயே பெரும் பகை. 1969-இல் ஏற்பட்ட தீயில் இவ்வீடு கடுமையாகச் சேதமடைந்து, பின்னர் சீரமைக்கப்பட்டது.

தீயில் தப்பினாலும் கூரை நிரந்தரமானதன்று. கோதுமை வைக்கோல் கூரையைப் பொதுவாகச் சில பத்தாண்டுகளுக்கு ஒருமுறையும், அதன் முகட்டை 10 முதல் 15 ஆண்டுகளுக்கு ஒருமுறையும் புதுப்பிக்க வேண்டும். ஆனால் இன்றைய கோதுமை ரகங்கள் குட்டையானவை. நவீன அறுவடை இயந்திரங்களோ தாளை நொறுக்கி விடுகின்றன. ஆகவே, கூரை வேய்வதற்கென்றே உயரமான பழைய ரகங்களைச் சில விவசாயிகள் பயிரிட்டு, பழைய வகை இயந்திரங்களால் அறுவடை செய்கின்றனர்.

1892-இல் இவ்வீட்டை ஷேக்ஸ்பியர் பிறப்பிட அறக்கட்டளை வாங்கியது. இங்கு பல நூற்றாண்டுப் பழமை கொண்டது ஓக் சட்டகமே. அதன் மேலுள்ள கூரை காலந்தோறும் மாற்றப்பட்டு வந்துள்ளது. எனவே இத்தகைய வீடுகளைப் பழைய தோற்றத்தில் காப்பதற்கு, கட்டடப் பராமரிப்போடு கூரை வேயும் கைத்தொழிலும் அதற்கான பயிரும் தொடர்வது இன்றியமையாதது.