எதிர்கால நகரம் வரைவோம் – 6: புகையும் கல்

பிளெண்டர் முப்பரிமாண மென்பொருளில் கட்டங்களை நீட்டி நீட்டி 'தகடூர் 2300' என்ற கற்பனை நகரத்தை எழுப்பிய கதை போன வாரத்தோடு முடிந்தது. இந்த வாரம் வண்ணங்கள் என்று சொல்லியிருந்தேன். அதற்குள் ஞாயிற்றுக்கிழமை ஒகேனக்கல் போய்விட்டேன்.

கன்னடத்தில் 'ஹொகெ' என்றால் புகை. 'கல்லு' நம் கல்தான். அருவியின் சாரல் மேலெழும்போது பாறையே புகைவதுபோல் தெரிவதால் வந்த பெயர். பென்னாகரம் வழியாக எத்தனையோ முறை போயிருக்கிறேன். இந்த முறை பரிசல்காரர் நடு ஆற்றில் பரிசலை ஒரு சுற்றுச் சுற்றியபோதுதான் அந்தப் புகையைச் சரியாகப் பார்த்தேன். சூரியன் எதிரே இருக்கும்போது சாரல் வெள்ளியாக ஒளிர்ந்தது. பின்னாலிருந்த பாறை மறைந்தே போனது. பாதிச் சுற்றில் சூரியன் முதுகுப் பக்கம் வந்ததும் சாரல் மங்கி, பாறையின் வெடிப்புகள்கூடத் தெரிந்தன.

"அண்ணா, இன்னொரு சுத்து சுத்துங்க" என்றேன். நாலு சுற்றுச் சுற்றினார்.

காரணம் இதுதான்: நீர்த்துளி ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியது. அதில் பட்ட ஒளியின் பெரும்பங்கு தான் செல்லும் திசையிலேயே முன்னோக்கிச் சிதறும். பிளெண்டரில் பனியையும் புகையையும் உருவாக்கும் 'வால்யூம் ஸ்கேட்டர்' அமைப்பில் 'அனைசோட்ரபி' என்ற எண் இதற்காகவே இருக்கிறது. 0 வைத்தால் ஒளி எல்லாப் பக்கமும் சமமாகச் சிதறும். 1-ஐ நெருங்க நெருங்க முன்னோக்கிப் பாயும்.

அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கும் சூத்திரம்தான் வாரம் முழுக்க என்னைத் தூங்கவிடவில்லை. ஹென்யே, கிரீன்ஸ்டைன் என்ற இரண்டு வானியலாளர்கள் 1941-இல் எழுதியது அது. மூடுபனிக்காக எழுதவில்லை! விண்மீன்களுக்கு நடுவே மிதக்கும் தூசியில் ஒளி எப்படிச் சிதறுகிறது என்று கணக்கிட எழுதினார்கள். பால்வீதியின் தூசிக்குப் போட்ட கணக்கு இன்று என் தகடூரின் கோபுரங்களுக்கு இடையே பனியாகப் படர்கிறது.

1982-இல் வந்த 'பிளேடு ரன்னர்' படத்தின் தொடக்க நகரத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். அது சிறிய மாதிரி வடிவம்தான். சிறப்புக் காட்சிகளை அமைத்த டக்ளஸ் ட்ரம்புல் குழுவினர் புகை நிரப்பிய அறையில் அதைப் படம்பிடித்தார்கள். சில அடி ஆழம் பல மைல்களாகத் தெரிந்தது அந்தப் புகையால்தான்.

ஆனால் நகரம் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று நம் இளைஞர்கள் ஜன்னல் ஜன்னலாகச் செதுக்கி வாரங்களைச் செலவிடுகிறார்கள். வேண்டாம். பனியால் பாதி நகரத்தை மறைத்துவிடுங்கள். நகரம் முழுவதையும் ஒரு பெரிய கனசதுரத்துக்குள் அடைத்து, வால்யூம் ஸ்கேட்டர் கொடுங்கள். அடர்த்தியை மிகக் குறைவாகத் தொடங்குங்கள், அனைசோட்ரபி 0.7, சூரியன் கட்டடங்களுக்குப் பின்னால். கிரிட்டா ஓவிய மென்பொருளில் வரைபவர்கள் கட்டட வரிசை ஒவ்வொன்றுக்கும் இடையே ஒரு லேயர் போட்டு, மென்மையான பிரஷ்ஷால் பனியின் நிறத்தைப் பூசுங்கள். அடர்கறுப்பு முன்வரிசைக்கு மட்டும்.

வண்ணம் அடுத்த வாரம். வத்தல்மலைப் பக்கம் இருப்பவர்கள் விடியற்காலைப் பனியில் சூரியனைப் பார்த்து ஒன்று, சூரியனுக்கு முதுகு காட்டி ஒன்று என இரண்டு படம் எடுத்து வையுங்கள். அந்த இரண்டிலிருந்துதான் தொடங்கப்போகிறோம்.