மருந்தைப் பற்றிய பேச்சு: யாரை நம்புவது?

"சீனிக் குளிசை கிட்னியைப் பழுதாக்கிப் போடும்." முகாம்களிலும் மீள்குடியேறிய கிராமங்களிலும் நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. கிணற்றடியில் ஒருவர் சொல்வார். சங்கக் கூட்டத்தில் இன்னொருவர் தலையாட்டுவார். பிறகு கிளினிக்கில் கொடுத்த மெட்போமின் குளிசைகள் உறையோடு பெட்டிக்குள் கிடக்கும். அதே வீட்டில், வயல் வேலையால் வந்த இடுப்பு நோவுக்குக் கடையில் வாங்கிய டைக்ளோபெனாக் குளிசையை யாரும் சந்தேகப்படுவதில்லை. அது நாளுக்கு இரண்டு, மூன்று என்று போய்க்கொண்டே இருக்கும்.

உண்மையில் சிறுநீரகத்தைத் தாக்கக்கூடியது இந்த இரண்டாவது குளிசைதான். டைக்ளோபெனாக், இபுபுரோபென் போன்ற நோக் குளிசைகள் சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கின்றன. இரைப்பையிலும் புண் உண்டாக்குகின்றன. வெயிலில் வேர்த்து, தண்ணீர் குடிக்காமல் வேலை செய்பவருக்கும் முதியவருக்கும் பிரஷருக்கு மருந்து எடுப்பவருக்கும் ஆபத்து அதிகம். 1990களின் நடுப்பகுதியிலிருந்து வடமத்திய மாகாணத்திலும், பின்னர் வவுனியா போன்ற அயற் பகுதிகளிலும், காரணம் முழுமையாக நிறுவப்படாத சிறுநீரக நோய் விவசாயக் குடும்பங்களைப் பாதித்து வந்திருக்கிறது. இத்தகைய மண்ணில் வாழும் நாம் நோக் குளிசையை இனிப்புப் போல வாங்கி விழுங்குவது சரியல்ல.

பிழையான பேச்சு எங்கே பிறந்தது?

மெட்போமின் பற்றிய பேச்சு வெறும் பொய்யாகப் பிறக்கவில்லை. கட்டுப்படாத நீரிழிவு பல ஆண்டுகளில் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. சிறுநீரகம் பலவீனமானால் மெட்போமின் உடலில் தேங்கக்கூடும் என்பதால் வைத்தியர் அளவைக் குறைப்பார், அல்லது நிறுத்துவார். இதைப் பார்த்த அயலவர், "கிட்னி பழுதானது, டொக்டர் அந்தக் குளிசையை நிறுத்திப் போட்டார், ஆகவே குளிசைதான் பழுதாக்கியது" என்று முடிவு கட்டுகிறார். கண்டது உண்மை, கட்டிய முடிவு பிழை. இந்த முடிவை நம்பிக் குளிசையை நிறுத்துபவருக்குச் சீனி ஏறுகிறது. அவர் எதற்குப் பயந்தாரோ அதுவே அவரைத் தேடி வருகிறது.

காசநோய் மருந்திலும் இதைக் காணலாம். ரிபாம்பிசின் என்ற மருந்து சிறுநீரைச் செம்மஞ்சள் நிறமாக்கும். வியர்வையும் கண்ணீரும்கூட நிறம் மாறலாம். இதனால் தீங்கில்லை. ஆனால் "இரத்தம் போகிறது" என்று யாரோ சொல்ல, மருந்தை இடையில் விட்டால் நோய் திரும்புகிறது. மருந்துக்கு அடங்காத நோயாகவும் மாறக்கூடும். நெருங்கி வாழும் கொட்டில்களில் பிள்ளைகளுக்கும் தொற்றுகிறது. அதே சிகிச்சையில் கண் மஞ்சளானால் அது ஈரல் பாதிப்பின் அடையாளம். அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். எது சாதாரணம், எது ஆபத்து என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தவரிடமே கேட்க வேண்டும்.

பெரியவர்களும் பிழை சொன்னதுண்டு

"படித்தவர்கள் சொல்வதையெல்லாம் அப்படியே நம்புங்கள்" என்று நாம் சொல்ல வரவில்லை. 1957இல் மேற்கு ஜேர்மனியில் தலிடோமைட் என்ற தூக்க மருந்து விற்பனைக்கு வந்தது. கர்ப்பிணித் தாய்மாரின் வாந்திக்கும் கொடுக்கப்பட்டது. முற்றிலும் பாதுகாப்பானது என்று விளம்பரம் செய்யப்பட்டது. அப்படிச் சொன்னவர்கள் அதை விற்றவர்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கைகால் குறைபாடுகளுடன் பிறந்தன.

உண்மையை வெளிக்கொண்டு வந்தவர்கள் யார்? ஹம்பேர்க் நகரில் குழந்தை வைத்தியர் விடுகுண்ட் லென்ஸ், பாதிக்கப்பட்ட குழந்தைகளின் தாய்மாரிடம் என்னென்ன மருந்து எடுத்தீர்கள் என்று ஒவ்வொருவராக விசாரித்தார். அவுஸ்திரேலியாவில் மக்பிரைட் என்ற வைத்தியர் தாம் கண்டதை 1961 டிசம்பரில் மருத்துவ இதழொன்றுக்கு எழுதினார். அமெரிக்காவில் பிரான்சிஸ் கெல்சி என்ற அதிகாரி, தரப்பட்ட சான்றுகள் போதாது என்று அனுமதி வழங்க மறுத்திருந்தார். ஜேர்மனியில் 1961 நவம்பரில் மருந்து மீளப் பெறப்பட்டது. இதன் பின்னரே நாடுகள் பக்க விளைவுகளை முறையாகப் பதிவு செய்யத் தொடங்கின. உலக சுகாதார நிறுவனம் அதற்கான சர்வதேசத் திட்டத்தை 1968இல் ஆரம்பித்தது.

இந்த வரலாற்றில் தாய்மாரின் சொல்லுக்கும் பெரும் இடமுண்டு. அவர்களைக் கேட்டு, எண்ணி, ஒப்பிட்டுப் பார்த்ததாலேயே உண்மை தெரிந்தது. ஆகவே உங்கள் உடலில் நீங்கள் காணும் மாற்றமும் ஒரு சான்று. பிரஷருக்கு எனலாப்பிரில் எடுப்போரில் சிலருக்கு விடாத வறட்டு இருமல் வருவதுண்டு. இருமலுக்குப் பாணி மருந்து வாங்கிக் குடித்துக்கொண்டிராமல் வைத்தியரிடம் சொன்னால், அவர் வேறு மருந்து தரலாம். சொல்லாமல் மருந்தை நிறுத்தினால் பிரஷர் ஏறி, பாரிசவாதம் வரக்கூடும்.

கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

புதிய விதை நெல்லை ஒருவர் புகழ்ந்தால் நாம் உடனே மாற்றி விதைப்பதில்லை. எந்த மண், காலபோகமா சிறுபோகமா, எத்தனை ஏக்கர், விற்பவரே சொன்னாரா என்று விசாரிப்போம். அந்த விவேகம் மருந்துக்கும் போதும்.

1. இவருக்கு எப்படித் தெரியும்? தானே கண்டாரா, படித்துப் பயின்றாரா, இன்னொருவர் சொல்லக் கேட்டாரா?

2. எத்தனை பேரில் எத்தனை பேருக்கு? மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாளில் பக்க விளைவுகள் நீளமாக அடுக்கப்பட்டிருக்கும். அதில் "மிகச் சாதாரணம்" என்றால் பத்துப் பேரில் ஒருவருக்கோ அதற்கு மேலோ வருவது. "அரிது" என்றால் ஆயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவாக வருவது. பட்டியலில் இருப்பதெல்லாம் எமக்கு வரும் என்பதல்ல.

3. மருந்தாலா, வருத்தத்தாலா? மருந்து எடுத்த பின் நடந்ததெல்லாம் மருந்தால் நடந்ததாகாது. மருந்துக்கு முன் எப்படி இருந்தது, வேறு என்ன குளிசை, என்ன கசாயம் எடுத்தார் என்று பார்க்க வேண்டும்.

4. சொல்பவருக்கு இதனால் என்ன இலாபம்? "இங்கிலீஷ் மருந்து நஞ்சு" என்று சொல்லிவிட்டுத் தன் தைலத்தை விற்பவரும், "ஒன்றும் செய்யாது" என்று சொல்லிக் குளிசையை விற்பவரும் இந்தக் கேள்வியில் ஒரே வரிசையில் நிற்கிறார்கள்.

கைத்தொலைபேசியில் வரும் குரற்பதிவுக்கும் இதே கேள்விகள்தான். பெயரில்லாத "பெரிய டொக்டர்" பேசுகிறார், பத்துப் பேருக்கு அனுப்பச் சொல்கிறார் என்றால், அனுப்ப வேண்டாம்.

யாரிடம் கேட்பது?

மருந்து எழுதிய வைத்தியரிடம் முதலில் கேளுங்கள். கிளினிக்கில் சனம் கூட, நேரம் குறைவு. ஆகவே கேள்வியை முன்னரே ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள். தகுதி பெற்ற மருந்தாளரிடமும், குடும்பநல மாதுவிடமும் கேட்கலாம். அவர்களுக்குத் தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் அனுப்புவார்கள். "எனக்குத் தெரியாது, கேட்டுச் சொல்கிறேன்" என்பவரை நம்பலாம். எல்லாவற்றுக்கும் உடனே விடை சொல்பவரிடம் கவனமாக இருங்கள்.

அரசாங்க வைத்தியசாலையில் பெரும்பாலும் காகித உறையில்தான் குளிசை தருவார்கள், விளக்கத்தாள் இராது. உறையில் மருந்தின் பொதுப்பெயரும் அளவும் தெளிவாக எழுதப்பட்டுள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். பொதுப்பெயரின் அருமையை எமது நாட்டுக்கு எடுத்துச் சொன்னவர் பேராசிரியர் சேனக பிபிலே. 1971இல் உருவான அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அவருடைய முயற்சியின் பலன். பொதுப்பெயர் தெரியாததால் வரும் கேடு சிறிதல்ல. பனடோலும் பரசிட்டமோலும் ஒன்றே. தடிமன் குளிசைகள் பலவற்றிலும் அது கலந்திருக்கிறது. மூன்றையும் சேர்த்து விழுங்கினால் அளவு மீறி ஈரல் பழுதாகும். வளர்ந்த ஒருவருக்கு 500 மில்லிகிராம் குளிசை 24 மணித்தியாலத்தில் எட்டுக்கு மேற்படக் கூடாது. மெலிந்தவருக்கும் மதுபானம் பாவிப்பவருக்கும் அதிலும் குறைவே.

ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் பெயரும் எமது குடும்பங்களுக்கு இன்னொரு வேண்டுகோள். கிளினிக் கொப்பியை அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி ஆகியவற்றோடு ஒரே பையில் வையுங்கள். முன்னர் எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்பதை அதன் முதற் பக்கத்தில் எழுதுவியுங்கள். புதிய இடத்து வைத்தியருக்கு உங்களைப் பற்றிய நம்பத்தகுந்த சாட்சி அந்தக் கொப்பிதான்.

காத்திராமல் போக வேண்டிய வேளைகள்

மருந்து எடுத்த பின் முகம், உதடு வீங்கினால், மூச்சு முட்டினால், தோலோ வாயோ கொப்புளித்து உரிந்தால், கண் மஞ்சளானால், மலம் தார் போலக் கறுத்தால், சிறுநீர் மிகவும் குறைந்தால், யாரையும் விசாரித்துக்கொண்டிராமல் மருந்து உறையையும் எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்குப் போங்கள். மற்றச் சிறு தொல்லைகளுக்கு மருந்தை நீங்களாக நிறுத்தாமல், கேட்டபின் முடிவெடுங்கள்.

சீராக்கின் ஞான நூல் 38ஆம் அதிகாரத்தில் வைத்தியரையும் மண்ணிலிருந்து வரும் மருந்தையும் மதிக்கும்படி கற்பிக்கிறது. மதிப்பதென்றால் கேள்வி கேளாதிருப்பதல்ல. வாழ்விடத்தையும் வயலையும் இழந்து வந்தவர்களிடம் மிஞ்சியிருக்கும் முதல் உடல் ஒன்றே. அதைப் பற்றிய முடிவைக் கிணற்றடிப் பேச்சிடம் ஒப்படைக்க வேண்டாம். வரும் மாதர் சங்கக் கூட்டத்திலும் கமக்காரர் கூட்டத்திலும் இந்த நான்கு கேள்விகளையும் வாசித்து, அவரவர் வீட்டில் நிறுத்தப்பட்டுக் கிடக்கும் குளிசைகளைப் பற்றிப் பேசுங்கள். அடுத்த கிளினிக் நாளில் அவற்றையும் கையோடு கொண்டு போங்கள்.