அயல்நாட்டிலிருந்து திரும்பும் காமிரா

பிறந்த மண்ணை விட்டு அயல்நாட்டில் குடியேறிய தமிழர், ஊரை நினைக்கும்போது தேரையும் திருவிழாவையும் தாயின் கைப்பக்குவத்தையும் எண்ணி உருகுவது இயல்பு. ஆனால் அதே ஊரின் சுகங்களுக்கு யார் யார் விலை கொடுத்தார்கள் என்று விசாரித்து, அந்த விசாரணையை வீடியோப் படமாக உலகின் முன் வைப்பவர்கள் வெகு சொற்பம். அவர்களில் குறிப்பிடத்தக்கவர் லீனா மணிமேகலை. விருதுநகர் மாவட்டத்தில் பிறந்து, பின்னாளில் கனடா சென்று டொராண்டோவின் யார்க் பல்கலைக்கழகத்தில் திரைக்கலை பயின்ற இந்தக் கவிஞரின் முதல் ஆவணப்படம், தோல் தொழிலுக்குப் பேர்போன பழைய வேலூர் மாவட்டத்தில், அரக்கோணத்தை அடுத்த ஒரு கிராமத்தில் உருவானது என்பது பலர் அறியாத செய்தி.

இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த அந்த 'மாத்தம்மா', ஏறக்குறைய இருபது நிமிஷமே ஓடும் சிறிய படம். அருந்ததியர் குடும்பங்களில் பெண் குழந்தைகளை மாத்தம்மன் என்னும் தெய்வத்துக்கு நேர்ந்துவிடும் வழக்கமே அதன் பொருள். நோயில் கிடக்கும் குழந்தை பிழைத்தால் போதும் என்று ஏழைப் பெற்றோர் செய்துகொள்ளும் வேண்டுதல், அக்குழந்தை வளர்ந்தபின் அவளுக்கு மணவாழ்க்கையை மறுத்து, ஊராரின் இச்சைக்கு இரையாக நிறுத்திவிடுகிறது. செத்த மாட்டின் தோலை உரிக்கவும் செருப்புத் தைக்கவும் தலைமுறை தலைமுறையாக விதிக்கப்பட்ட சமூகம் அது. தோலைத் தொட்டவன்மேல் தீட்டைச் சுமத்திய நாடு, அந்தத் தோல் கப்பலேறி அந்நியச் செலாவணியாகத் திரும்பி வந்தபோது அதை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டது.

இவ்வகைப் படங்கள், வீடியோ என்ற சாதனம் மலிவானதால் பிறந்தவை. பிலிம் சுருளும் ஸ்டூடியோவும் முதலாளியும் இன்றிப் படமெடுக்க முடியாதிருந்த நிலை, தோளில் மாட்டிச் செல்லத்தக்க வீடியோக் கருவியை சோனி கம்பெனி 1967-ல் வெளியிட்டதிலிருந்து மாறத் தொடங்கியது. அதைக் கலைக்கு உரியதாக்கியவர்களில் முதல்வராகிய நாம் ஜூன் பைக் கொரியாவில் பிறந்து நியூயார்க்கில் வாழ்ந்தவர். அவரைப் போலவே பிறந்த மண்ணைவிட்டு வாழும் மற்றொரு வீடியோக் கலைஞர், பெய்ரூட்டில் ஒரு பாலஸ்தீனக் குடும்பத்தில் பிறந்த மோனா ஹாட்டூம். 1975-ல் அவர் லண்டனில் இருக்கையில் லெபனானில் உள்நாட்டுப் போர் மூண்டு, அவர் ஊர் திரும்பும் வழி அடைபட்டது. 1988-ல் அவர் செய்த பதினைந்து நிமிஷப் படத்தில், தாயின் உருவத்தின்மேல் அவள் எழுதிய அரபுக் கடிதங்களின் வரிகள் படர்ந்திருக்க, மகள் அவற்றை ஆங்கிலத்தில் வாசித்துச் செல்கிறாள். குண்டு விழுவதை அதில் காணோம்; எனினும் போர் என்பது ஒரு தாயையும் மகளையும் என்ன செய்யும் என்பதை அதைவிடத் தெளிவாக எந்தச் செய்திப்படமும் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

மறுபடியும் லீனாவிடம் வருவோம். 'மாத்தம்மா'வில் தெய்வத்துக்குக் கட்டுண்ட பெண்ணைக் காட்டியவர், 2019-ல் பூசான் திரைப்பட விழாவில் திரையிடப்பட்ட 'மாடத்தி'யில், கண்ணில் பட்டாலே தீட்டு என்று ஒதுக்கப்பட்ட புதிரை வண்ணார் குலத்துப் பெண்ணொருத்தி தெய்வமாகிவிடும் கதையைச் சொன்னார். டொராண்டோவில் எடுத்த 'காளி'யிலோ, தெய்வமே ஒரு மாலைப்பொழுதில் அந்நகர வீதிகளில் இறங்கி நடக்கிறாள். தெய்வத்துக்கும் பெண்ணுக்கும் என்ன உறவு என்ற ஒரே கேள்வியைத்தான் அவர் அரக்கோணத்திலிருந்து டொராண்டோ வரை சுமந்து சென்றிருக்கிறார். ஆனால் 2022 ஜூலையில், காளி வேடத்தில் புகைபிடிக்கும் அதன் விளம்பரப் படத்தைக் கண்டு பலர் மனம் புண்பட்டதாகச் சொல்ல, பல மாநிலங்களில் வழக்குகள் பதிவாயின. படத்தைத் திரையிட்ட ஆகாகான் அருங்காட்சியகம் வருத்தம் தெரிவித்து அதை விலக்கிக்கொண்டது. 2023 ஜனவரியில் உச்சநீதிமன்றம் அவரைக் கைது செய்யாதபடி இடைக்காலப் பாதுகாப்பு அளித்தது. விளம்பரத்தைப் பார்த்தவர்கள் லட்சக்கணக்கானோர், படத்தைப் பார்த்தவர்கள் மிகச் சிலர். அயல்நாடு சென்றால் தடையின்றிப் பேசலாம் என்ற நம்பிக்கையும் அத்தோடு பொய்த்தது.

இனி, தொடக்கத்தில் சொன்ன தோல் தொழிலைத் தேடி ஆம்பூர்ப் பக்கம் போவோம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் ஆகிய ஊர்களின் அநீதி, காமிராவுக்கு எளிதில் அகப்படாத வகையைச் சேர்ந்தது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்ட காலம் போய், குரோமிய உப்பு வந்தபின், ஒரு கிலோ தோலுக்கு ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர் செலவாவதாகவும், சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமற் போனதாகவும், 1996 ஆகஸ்ட் 28-ல் உச்சநீதிமன்றம் அளித்த புகழ்பெற்ற தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும் என்ற நெறியை நாட்டுச் சட்டத்தின் பகுதியென்று உறுதிப்படுத்திய வழக்கு அது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் இவ்வூர்களின் கழிவால் மாசுபட்ட பாலாற்றைக் குறித்து மறுபடியும் தீர்ப்பெழுத நேர்ந்தது. ஆனால் கிணற்று நீரில் கரைந்த உப்பை எந்த லென்சும் காட்டாது. தெளிந்த நீராகவே அது தெரியும். வீட்டு வாசலில் அமர்ந்து ஷூவின் மேற்பகுதியைக் கையால் தைத்து, ஜோடிக் கணக்கில் கூலி வாங்கும் பெண்ணின் உழைப்பும் அந்த ஷூவில் தெரிவதில்லை.

2015 ஜனவரி 31-ல் ராணிப்பேட்டையில் கழிவுத்தொட்டிச் சுவர் உடைந்து, பக்கத்து டேனரியில் உறங்கிக்கொண்டிருந்தவர்கள் உட்படப் பத்துப் பேர் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். அவர்களிற் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள், அதாவது நம் மண்ணில் வேற்றூரார். சுவர் உடைந்த நாளில் காமிராக்கள் வந்தன. உடைவதற்கு முந்திய ஆண்டுகளைக் காட்டுவதற்குச் செய்தியாளனைக் காட்டிலும் கலைஞனே தேவை. இரு காட்சிகளை அருகருகே வைத்து, கண்ணுக்குத் தெரியாததைத் தெரியச் செய்வது அவன் தொழில்.

அப்படி அருகருகே வைக்க வேண்டிய காட்சியின் ஒரு பாதி அயல்நாட்டில்தான் இருக்கிறது. ஐரோப்பியக் கடைத்தெருவில் கண்ணாடிக்குப் பின்னே விளக்கொளியில் நிற்கும் ஷூவையும், அதன் விலைச் சீட்டையும் எடுக்க ஒரு கைப்பேசி போதும். மறு பாதியை ஊரில் உள்ள தங்கையோ சிநேகிதனோ எடுத்து அனுப்பலாம். ஆகவே, இப்பகுதியிலிருந்து வெளிநாடு சென்றிருக்கும் இளைஞர்களுக்கு என் வேண்டுகோள் இது: படமெடுங்கள், ஆனால் வேலை போய்விடும் அபாயத்தில் உள்ள பெண்ணின் முகத்தைக் காட்டாதீர்கள், அவள் கையும் குரலும் போதும், முடித்த படத்தை எந்த விழாவுக்கும் அனுப்புமுன் அவளுக்குப் போட்டுக் காட்டி, அவள் வேண்டாமென்று சொன்ன இடங்களை வெட்டிவிடுங்கள்.