சிமெண்ட் சீமையில் ஒரு சாந்தில்லாக் கோயில்

ரெட்டிபாளையம் பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள் கேட்காமலே ஜன்னலை இறக்கிவிடுவார்கள். சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசை கட்டி வரும். சாலையோரத்து மரங்களெல்லாம் திருநீறு பூசியதுபோல நிற்கும். அரியலூர் மண்ணுக்கு அடியில் கிடப்பது ஒரு பழைய கடல். கிட்டத்தட்ட 10 கோடி ஆண்டுகளுக்கும் ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கும் இடையில் அங்கே படிந்த சிப்பியும் சேறும்தான் இன்று ஆலைக்குள் போய் மூட்டையாகி வெளியே வருகின்றன.

இதே அரியலூரிலிருந்து தஞ்சாவூர் சாலையில் தெற்கே இறங்கினால் கீழப்பழுவூர். அங்கிருந்து மேற்கே திரும்பினால் மேலப்பழுவூர், அதை ஒட்டிக் கீழையூர். அங்கே ஒரே மதிலுக்குள் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிவன் கோயில்கள் 1,100 ஆண்டுகளுக்கு மேலாக நிற்கின்றன. இரண்டும் கற்றளிகள், அதாவது கல்லால் கட்டிய கோயில்கள். கல்லையும் கல்லையும் ஒட்டவைக்கச் சாந்தை நம்பாத கட்டடக்கலை அது. மேல் கல்லின் பளுவே கீழ்க் கல்லை அசையவிடாமல் பிடித்துக்கொள்ளும். அந்தக் கருங்கல்லும் இந்தக் கடல் மண்ணில் கிடைப்பதில்லை; பெரம்பலூர்ப் பக்கம் மேற்கே போக வேண்டும். காலடியில் சுண்ணாம்பு மலை கிடக்க, வெளியூர்க் கல்லை வண்டி கட்டி இழுத்து வந்தவர்களின் பிடிவாதத்தை என்ன சொல்வது!

கட்டியவர்கள் பழுவேட்டரையர்கள். ‘பொன்னியின் செல்வன்’ படித்தவர்களுக்குப் பெரிய, சின்னப் பழுவேட்டரையர்களை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கல்கி காட்டிய சதிகாரர்களை ஓரமாக வைத்துவிட்டுக் கல்வெட்டைப் பார்த்தால் தெரிவது வேறு முகம்: சோழர்களுக்குப் படை நடத்திய, பெண் கொடுத்த சிற்றரசர் குடும்பம். முதல் பராந்தகன் மணந்த பழுவேட்டரையர் மகளைப் பற்றி அன்பில் செப்பேடு பேசுகிறது. அந்தக் குடும்பத்துக் குமரன் கண்டன் காலத்தில் எழுந்தது கீழையூர்க் கோயில். இங்குள்ள பழைய கல்வெட்டு முதலாம் ஆதித்த சோழனின் 13ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, அதாவது கி.பி. 884 வாக்கில். தஞ்சைப் பெரிய கோயில் எழ இன்னும் 125 ஆண்டுகள் இருந்தன.

வளாகத்தின் பெயர் அவனிகந்தர்ப்ப ஈசுவர கிருகம். அவனி என்றால் உலகம், கந்தர்ப்பன் என்றால் மன்மதன். உலகத்து மன்மதன் கட்டிய சிவன் வீடு! மன்மதனை எரித்தவருக்கு இப்படி ஒரு பெயரில் கோயில் வைக்க யாருக்கும் கூச்சமில்லை. தெற்கே இருப்பதைத் தென்வாயில் ஸ்ரீகோயில் என்றும் வடக்கே இருப்பதை வடவாயில் ஸ்ரீகோயில் என்றும் கல்வெட்டுகள் சொல்கின்றன. இப்போது அகத்தீசுவரம், சோழீசுவரம்.

சோழர் கட்டடக்கலையைப் படிக்க வேண்டும் என்றால் தஞ்சைக்கும் கங்கைகொண்ட சோழபுரத்துக்கும் பிறகு போகலாம், முதலில் இங்கே வாருங்கள் என்பேன். அங்கே கழுத்து வலிக்க அண்ணாந்தாலும் பிடிபடாத சிகரம் இங்கே முற்றத்தில் நின்றாலே தெரியும். கீழிருந்து மேலாக வாசிக்கலாம். முதலில் தாங்குதளம், அதில் உருண்டு திரண்டு ஓடுகிற வரிக்குக் குமுதம் என்று பெயர். அதன்மேல் அரைத்தூண்களும் சாமி நிற்கும் கோட்டங்களும் கொண்ட சுவர். அதற்கு மேல் கூரை. அதன் வெளிவிளிம்பு வளைந்து கீழே சரியும், அதுதான் கபோதம். கொஞ்சம் கூர்ந்து பார்த்தால் நம் கூரைவீட்டுத் தாழ்வாரம் நினைவுக்கு வந்துவிடும். கபோதத்தில் ஆங்காங்கே குதிரை லாட வடிவில் இருக்கும் கூடுகள், மரத்தாலும் ஓலையாலும் கட்டிய காலத்து வளைவுச் சாளரங்களின் நினைவு. தச்சர் செய்ததைக் கல்தச்சர் அப்படியே கல்லில் வைத்துவிட்டார். இனி கழுத்து, அதாவது கிரீவம். அதன்மேல் சிகரம், தூபி.

இரண்டு கோயிலும் பிரிவது இந்தத் தலையில்தான். தெற்கே சிகரம் சதுரம், வடக்கே வட்டம். சதுரக் கட்டடத்தின்மேல் வட்டத் தலையை வைத்தால் நான்கு மூலையிலும் காலி இடம் மிஞ்சும் அல்லவா? அந்த இடத்தில் நந்திகளை உட்காரவைப்பது வழக்கம். கணக்குக்கும் பதில், கண்ணுக்கும் அழகு.

அகத்தீசுவரத்தின் முன்மண்டபத்தில் தூணடியில் குந்தியிருக்கும் சிங்கங்களைத் தவறவிடாதீர்கள். மகாபலிபுரம் போனவர்களுக்குப் பழகிய பல்லவர் சாயல். ஆட்சி மாறினாலும் உளிக்கை உடனே மாறிவிடுவதில்லை.

இரண்டும் மேற்கு பார்த்தவை. அதனால் சுற்றிவரும்போது ஒரு சின்னக் குழப்பம் வரும். தட்சிணாமூர்த்தி தெற்கிலும் பிரம்மன் வடக்கிலும் என்ற மரபு வாசல் எந்தப் பக்கம் இருந்தாலும் மாறாது. கிழக்கு வாசல் கோயிலில் வலம் வரும்போது முதலில் தெற்குச் சுவர். இங்கே முதலில் வடக்கு, கடைசியில் தெற்கு. பழகிய கால்கள் தடுமாறும்.

ஊர்ச் சிற்றரசர் குடும்பம் கட்டிய இந்தக் கோயில்களைப் போலத்தான் ஐரோப்பாவின் கிராமத்துத் தேவாலயங்கள் பலவும் தொடங்கின. இங்கிலாந்தில் ஊர்ப் பிரபு தன் மாளிகைக்குப் பக்கத்தில் கட்டுவார். பிறகு விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைக் கொடுத்து ஊர் அதைக் காப்பாற்றும். நம் பக்கம் காப்பாற்றியதில் ஆடுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. ஒரு நந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு, எரிய 90 அல்லது 96 ஆடுகளைத் தானம் செய்வார்கள். ஆட்டைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். கல்வெட்டு அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்கிறது. ஆடு சாகாதா, கிழடாகாதா? சாகும். ஆனால் குட்டி பிறந்து எண்ணிக்கையை நிரப்பும்; கணக்கில் 96 எப்போதும் 96. வங்கியில் வைப்புநிதி போட்டு வட்டியில் விளக்கெரிப்பதற்கு முந்தைய ஏற்பாடு. கீழப்பழுவூர் ஆலந்துறைக் கோயிலில் பராந்தகனின் 12ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று, பழுவேட்டரையர் கண்டன் அமுதன் வேளூர்ப் போரில் பெற்ற வெற்றியை நினைத்து வைத்த விளக்கைச் சொல்கிறது.

பழுவூர்க் கோயில்களைப் பற்றி விரிவாகப் படிக்க விரும்புகிறவர்கள் டாக்டர் இரா. கலைக்கோவனின் ‘பழுவூர்ப் புதையல்கள்’ நூலைத் தேடிப்பிடிக்கலாம். நேரில் போகிறவர்கள் மாலை நாலு மணிக்கு மேல் போங்கள். மேற்கு வாசல் அல்லவா, இறங்குகிற வெயில் நேரே உள்ளே வரும். தூணடிச் சிங்கங்களின் பிடரிச் சுருள் அப்போதுதான் எடுப்பாகத் தெரியும்.