கால்வாய் மீனைச் சமைக்கலாமா?

வெள்ளம் வடிந்து நீங்கள் வீடு திரும்பியிருக்கிறீர்கள். சுவரில் ஈரம் இன்னும் காயவில்லை. வேலைக்குப் போன நாட்களும் குறைவு. உலர் உணவுப் பொதியில் அரிசி, பருப்பு, சீனி இருக்கின்றன. கறிக்கு ஒன்றும் இல்லை. இந்த நேரத்தில் கிருலப்பனைக் கால்வாயில் மீன் துள்ளுகிறது. பிள்ளைகள் தூண்டிலோடு கரையில் நிற்கிறார்கள்.

பொதிகள் கொடுக்க வரும்போது தாய்மார் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: “மிஸ், மகன் கால்வாயில மீன் புடிச்சிட்டு வாறான். நல்லா கழுவி ஆக்கிக் குடுத்தா ஒண்ணும் ஆகாதுதானே?”

சுருக்கமான பதில்: அந்த மீனைத் தவிர்ப்பதே நல்லது. கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டும் தாய்மாருக்கும், சிறு பிள்ளைகளுக்கும் கொடுக்கவே கூடாது. ஏற்கெனவே ஒரு நேரம் சாப்பிட்டுவிட்டீர்கள் என்றால் பயப்பட வேண்டாம். அந்த மீன் கிழமைக்கு இரண்டு மூன்று தடவை தட்டில் வரும் வழக்கமாவதுதான் பெரிய ஆபத்து. ஏன் என்பதைக் கீழே விளக்குகிறோம்.

மீன் உயிரோடு இருக்கிறதே, தண்ணீர் நல்லதுதானே?

அப்படி இல்லை. கால்வாயில் அதிகம் கிடைப்பவை திலாப்பியா, விரால், கெளுத்தி, மீன் தொட்டிகளில் ‘டேங்க் கிளீனர்’ என்று வளர்க்கும் கறுப்பு மீன் ஆகியவை. இவை கெட்ட தண்ணீரையும் தாங்கும் இனங்கள். விரால் நீருக்கு மேலே வந்து காற்றையே சுவாசிக்கும். திலாப்பியா ஒட்சிசன் குறைந்த நீரிலும் பெருகும். அவை அங்கே வாழ்வதால் தண்ணீர் சுத்தம் என்று எண்ண முடியாது.

மீனுக்குள் என்ன சேர்கிறது?

கோட்டைப் பக்கமிருந்து வரும் நீர் கிருலப்பனை வழியாகச் சென்று வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் கடலில் விழுகிறது. வழி முழுவதும் மழைநீர் வடிகான்கள் அதில் சேர்கின்றன. வீதியில் சிந்திய எண்ணெய், கராஜ்களிலும் வாகனம் கழுவும் இடங்களிலும் இருந்து வரும் கழிவு, மலசலகூடக் குழிகளின் கசிவு, வீசப்பட்ட பழைய பெற்றரி, பெயின்ற் எல்லாம் அந்த வழியே வருகின்றன. இலங்கையில் 2002 வரை ஈயம் கலந்த பெற்றோலும் விற்பனையானது. ஈயம் மக்கிப் போகும் பொருள் அல்ல. சேற்றில் படிந்து கிடக்கும். வெள்ளம் வரும்போது அந்தச் சேறு கலங்கி மேலே வருகிறது. மலசலகூடக் குழிகளும் நிரம்பி வழிகின்றன. அதனால் வெள்ளத்துக்குப் பிந்திய வாரங்களில் கால்வாய் வழமையைவிட மோசமாக இருக்கும்.

இவற்றை இரண்டு வகையாகப் பிரித்துப் பாருங்கள்.

முதலாவது கிருமிகள். மலக்கழிவிலிருந்து வரும் பற்றீரியாக்களும் புழு முட்டைகளும் வாந்தி, வயிற்றோட்டம், வயிற்று வலியைத் தரும். நன்றாகச் சமைத்தால் இவை சாகும்.

இரண்டாவது உலோகங்களும் இரசாயனங்களும். ஈயம், கட்மியம், பாதரசம் போன்றவை கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் அழியாது. கிருமி உயிருள்ளது, அதனால் சூட்டில் சாகும். உலோகத்துக்கு உயிர் இல்லை; குழம்பு கொதித்த பிறகும் அது சட்டியிலேயே இருக்கும்.

சேற்றிலிருந்து பாசிக்கும், பாசியிலிருந்து சிறு மீனுக்கும், சிறு மீன்களைத் தின்னும் விராலுக்கும் பாதரசம் போன்ற நஞ்சு படிப்படியாகக் கூடிக்கொண்டே போகும். வயதான பெரிய விராலிலும், சேற்றைக் கிளறித் தின்னும் கெளுத்தியிலும் டேங்க் கிளீனரிலும் நஞ்சு அதிகம் இருக்க வாய்ப்புண்டு.

கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாதா?

முடியாது. செவுள் சிவப்பாகவும் கண் தெளிவாகவும் இருந்தால் மீன் புதியது என்று தெரியும். உள்ளே ஈயம் இருக்கிறதா என்று தெரியாது. மீனில் இருக்கக்கூடிய ஈயத்துக்குச் சர்வதேச உணவுத் தர விதியின் உச்ச அளவு, ஒரு கிலோவுக்கு 0.3 மில்லிகிராம். அது நாலைந்து உப்புத் துகளின் எடைதான். அதற்கு மணமோ சுவையோ கிடையாது. மண்ணெண்ணெய் வாடை வீசும் மீனை நாம் எப்படியும் எறிந்துவிடுவோம். வாடையே இல்லாத மீன்தான் நம்மை ஏமாற்றும்.

ஜப்பானில் மினமாட்டா என்ற கடலோர ஊரில் இது நடந்தது. ஒரு தொழிற்சாலை பாதரசக் கழிவைக் கடலில் விட்டது. மக்கள் உண்ட மீனும் சிப்பியும் பார்வைக்குப் பெரும்பாலும் வழமைபோலவே இருந்தன. மக்களும் வழமைபோல உண்டார்கள். 1956இல் நோய் வெளிப்பட்டது. கை கால் நடுங்கி, பேச்சுக் குழறி, பலர் இறந்தார்கள். அதிக நோய்க்குறி இல்லாத தாய்மாருக்கும் மூளை பாதிக்கப்பட்ட குழந்தைகள் பிறந்தார்கள். கிருலப்பனை மினமாட்டா அல்ல. அவ்வளவு பாதரசத்தைக் கொட்டும் ஆலை இங்கே இல்லை. ஆனாலும் தாய் உண்பது வயிற்றிலுள்ள குழந்தைக்கும் போகும், பார்வைக்கு நல்ல மீன் எல்லாம் நல்ல மீன் அல்ல என்ற இரண்டு பாடங்களும் எங்களுக்கும் பொருந்தும்.

பலர் சொல்லும் வழிகள் பயன் தருமா?

*“மஞ்சளும் உப்பும் போட்டு, கொறுக்காப்புளி விட்டுக் கழுவினால் போய்விடும்.”* வாடை போகும், மேலே ஒட்டிய அழுக்கும் போகும். சதைக்குள் இருக்கும் உலோகம் போகாது.

*“விராலை இரண்டு நாள் நல்ல தண்ணீரில் விட்டால் சுத்தமாகிவிடும்.”* குடலிலுள்ள சேறு வெளியேறும், அவ்வளவுதான். சதையில் ஏறிய பாதரசம் குறைய மாதக்கணக்காகும்.

*“கருவாடு போட்டால் பிரச்சினை இல்லை.”* காயும்போது தண்ணீர்தான் போகிறது. நஞ்சு அப்படியே இருக்க, எடை மட்டும் குறைகிறது. ஒரே அளவு உண்டால் கருவாட்டில் நஞ்சு கூடுதலாகவே சேரும்.

யாருக்கு ஆபத்து அதிகம்?

பிள்ளைகளுக்கும் வயிற்றிலுள்ள குழந்தைக்கும். அவர்களுடைய மூளை வளரும் பருவம் அது. ஈயம் சிறு அளவில் சேர்ந்தாலும் படிப்பையும் கவனத்தையும் பாதிக்கும். அந்தப் பாதிப்பைப் பின்னர் மருந்தால் சரிசெய்ய முடியாது. பெரியவர்களுக்குக் கட்மியம் சிறுநீரகத்தில் பத்து இருபது வருடங்கள் தங்கும். ஏற்கெனவே சிறுநீரக நோய் உள்ளவர்களும் இந்த மீனைத் தொட வேண்டாம்.

நீங்கள் பாலூட்டும் தாயாக இருந்து முன்னர் இந்த மீனைச் சாப்பிட்டிருந்தால், பாலூட்டுவதை நிறுத்தாதீர்கள். மீனை மட்டும் நிறுத்துங்கள்.

வேறு வழியே இல்லாவிட்டால்

சில வீடுகளில் நிலைமை கஷ்டம் என்பது எங்களுக்குத் தெரியும். வளர்ந்தவர்கள் எப்போதாவது உண்பதாக இருந்தால் ஆபத்தைக் குறைக்க இவற்றைச் செய்யுங்கள்:

• பெரிய விரால், கெளுத்தி, டேங்க் கிளீனர் வேண்டாம். சிறிய திலாப்பியா ஓரளவு பரவாயில்லை.
• தலை, செவுள், குடல், ஈரல், முட்டை அனைத்தையும் அகற்றுங்கள். எலும்பைச் சூப்பாக்க வேண்டாம்.
• தோலையும் வயிற்றுக் கொழுப்பையும் நீக்குங்கள். கொழுப்பில் தங்கும் இரசாயனங்கள் இதனால் குறையும். சதையிலுள்ள பாதரசம் குறையாது.
• சதை முள்ளிலிருந்து தானாகக் கழரும்வரை வேகவையுங்கள். அவித்த தண்ணீரை ஊற்றிவிடுங்கள்.
• மீன் வெட்டிய பலகையையும் கத்தியையும் சவர்க்காரம் போட்டுக் கழுவிய பிறகே மரக்கறி வெட்டுங்கள்.

செத்து மிதக்கும் மீனை எந்த நிலையிலும் எடுக்க வேண்டாம். வெள்ளத்தோடு வீட்டுக்குள்ளும் ஒழுங்கைக்குள்ளும் வந்த மீனும் வேண்டாம். தண்ணீர் பச்சை பெயின்ற் ஊற்றியதுபோல் இருந்தால் அங்கே பிடித்ததும் வேண்டாம். அந்தப் பாசியின் நஞ்சும் சமைத்தால் போகாது. கால்வாயில் மீன்கள் கூட்டமாகச் செத்து மிதந்தால் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு உடனே அறிவியுங்கள்.

கால்வாயில் இறங்கும் பிள்ளைகள்

மீனைப் போலவே தண்ணீரும் ஆபத்தானது. எலியின் சிறுநீர் கலந்த நீரும் சேறும் காயம் வழியாக உடலுக்குள் போனால் எலிக்காய்ச்சல் வரும். காலில் வெட்டோ புண்ணோ உள்ளவர்கள் இறங்கவே கூடாது. இறங்கிய ஒருவருக்கு அடுத்த வாரங்களில் காய்ச்சல், கெண்டைக்காலில் கடும் வலி, கண் சிவத்தல், சிறுநீர் குறைதல் இருந்தால் தாமதிக்காமல் அரசாங்க வைத்தியசாலைக்குப் போங்கள். “கால்வாயில் இறங்கினேன்” என்பதை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள். துப்பரவு வேலைக்காக இறங்க வேண்டியவர்கள், முன்கூட்டியே எடுக்கும் மாத்திரை பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள்.

அப்படியானால் என்ன சாப்பிடுவது?

மீனை விட்டுவிடுங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. வளரும் பிள்ளைக்கும் கர்ப்பிணிக்கும் மீன் மிக நல்ல உணவு. எந்தத் தண்ணீரில் பிடித்தது என்பதுதான் கேள்வி. நெத்தலி, சாளை, சூடை போன்ற சிறு கடல் மீன்கள் மலிவானவை, பாதரசமும் குறைவு. அநுராதபுரம், பொலன்னறுவைக் குளங்களில் இருந்து வரும் திலாப்பியாவும் நல்லது. தெருவில் யாராவது திலாப்பியா விற்றால் “எந்தக் குளத்து மீன்?” என்று கேளுங்கள். பதில் தெளிவாக இல்லாவிட்டால் வாங்க வேண்டாம். மீன் வாங்க முடியாத நாட்களில் முட்டை, பருப்பு, கடலை, நெத்தலிக் கருவாடு கைகொடுக்கும்.

கர்ப்பிணிகளும் நிறை குறைந்த பிள்ளைகளும் உள்ள வீடுகள் மிட்வைஃப் மிஸ்ஸிடம் திரிபோஷ பற்றிக் கேளுங்கள். இடம்பெயர்ந்திருந்த காலத்தில் கிளினிக் அட்டை தொலைந்திருந்தாலும் போய்க் கேளுங்கள். வீட்டில் சமைக்க எதுவுமே இல்லை என்றால் கிராம உத்தியோகத்தரிடமோ, திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகத்திலோ, எங்கள் கள உத்தியோகத்தரிடமோ சொல்லுங்கள். பசியை மறைக்க வேண்டியதில்லை.

உடனே உதவி தேடவேண்டிய நேரம்

மீன் சாப்பிட்ட பிறகு வாந்தி, வயிற்றோட்டம் தொடங்கினால் ஜீவனி கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். இரத்தம் போனால், காய்ச்சல் கூடினால், பிள்ளை சோர்ந்து கண் குழி விழுந்தால், உதடு அல்லது கை கால் விறைத்தால் வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

இன்று பின்னேரம் மகன் மீனோடு வந்தால் அவனை ஏச வேண்டாம். வீட்டுக்கு ஒரு கறி கொண்டுவர நினைத்த பிள்ளை அவன். பக்கத்தில் இருத்தி, ஏன் இந்த மீன் வேண்டாம் என்பதைச் சொல்லுங்கள். அவன் போய் மற்றப் பிள்ளைகளுக்கும் சொல்வான்.